பூசணிக்காய் ஏலம்

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் ஆளாளுக்கு எதையாவது காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். கர்த்தருக்குப் போகிற காசு என்பதால் ஒரு கட்டு முருங்கைக்காய் முந்நூறுக்குப் போகும், எல்லோரும் கைதட்டுவார்கள். இதை நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும். எனக்கு அறிவு இருந்தால்தானே.

என் வீட்டுக்காரர் சாம்சன் சூதில் விழுந்த ஆள். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நெருப்புப் பக்கத்தில் நின்று சம்பாதித்ததை, போனில் ரம்மி ஆடித் தொலைத்தார். போனோடு கக்கூஸுக்குள் போனால் அரை ஷிஃப்ட் கழித்துத்தான் வெளியே வருவார். என் செயின் போனது, வண்டி போனது. கடைசியில் மகள் ஸ்நேகாவின் நர்சிங் காலேஜ் ஃபீஸும் போய், பிள்ளை படிப்பை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். அன்றோடு அப்பாவிடம் பேச்சையும் விட்டுவிட்டாள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுத்தேன்.

ஒரு வருஷம் மனுஷன் ஒழுங்காக இருந்தார். காலேஜிலும் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த ஃபீஸ் அவர் கணக்கில்தான் இருந்தது. பண்டிகையன்று சர்ச்சுக்குக் கிளம்பும்போது, பிடுங்கி வைத்திருந்த அந்தப் பெரிய போனை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நாளைக்கு ஃபீஸ நீயே கட்டுய்யா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்நேகா என் காதருகே வந்தாள். "பூனையக் கருவாட்டுக்குக் காவல் வெக்கிறியாம்மா?"

ஏலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சபைச் செயலாளர் மோசஸ் அண்ணன் மைக்கோடு நின்றார். நாங்கள் கொண்டுபோன பூசணிக்காயைத் தூக்கி, "நூறு" என்று ஆரம்பித்தார். எங்கள் கூரைமேல் காய்த்த காய். முதலில் கை தூக்கியது யார் என்றால், என் வீட்டுக்காரர்.

நம் வீட்டுக் காயை நாமே வாங்குவதா? விளையாட்டுக்குத் தூக்குகிறார் என்று நானும் சிரித்தேன். அவரோடு வேலை செய்கிற அன்புசெல்வன் சீண்டுவதற்காக இருநூறு என்றார். இவர் ஐந்நூறு என்றார். அவர் ஆயிரம். கூட்டம் விசிலடித்தது.

"அம்மா, அவரு காதப் பாரு," என்றாள் ஸ்நேகா.

இரண்டு காதும் சிவந்திருந்தன. ரம்மி ஆடும்போது அப்படித்தான் சிவக்கும். காணிக்கைப் பெட்டி மேல் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. போனை நீட்டினால் போதும், பிள்ளையின் காலேஜ் போய்விடும். எழுந்து சத்தம் போடவும் முடியாது, சாமி காரியம். கர்த்தரே, உமக்குப் பூசணிக்காய் கொடுத்தது ஒரு குற்றமா என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

அன்புசெல்வன் நாலாயிரம் என்றார்.

"நாலாயிரம் ஒரு தரம். நாலாயிரம் ரெண்டு தரம். இன்னா சாம்சன், அவ்ளோதானா?"

சாம்சன் எழுந்தார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், மனுஷன் பாய்களைத் தாண்டி, பெண்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். போனை என் மடியில் போட்டார். வலது கையை என் கைக்குள் திணித்தார்.

"கெட்டியாப் புடிச்சிக்கோ மெர்சி. வுட்டா தானா மேல தூக்கிடும்."

உள்ளங்கை வேர்த்திருந்தது. எத்தனையோ முறை என் தலையில் அடித்து, இனி ஆட மாட்டேன் என்று சத்தியம் செய்த கை அது. ஒரு தடவைகூட, என்னால் முடியவில்லை என்று அவர் சொன்னதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சபை நடுவுல கையப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்காங்க பாருங்க," என்றார் மோசஸ் அண்ணன் மைக்கிலேயே. "இன்னைக்குத்தான் கல்யாணமா சாம்சன்?"

சபையே சிரித்தது. பாஸ்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் கையை விடவில்லை. மூன்றாம் தரம் சொல்லி, பூசணிக்காய் அன்புசெல்வன் மடிக்குப் போனது. பாவம், அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஒரு சேவலைத் தூக்கினார்கள். நல்ல சேவல். சாம்சனின் கை என் கைக்குள் துள்ளியது, இன்னொரு கை மெல்ல முட்டியிலிருந்து எழும்பியது.

ஸ்நேகா என்னைத் தாண்டிப் போய் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அந்தக் கைய இங்க குடுப்பா," என்றாள்.

சேவல் விலைபோகும்வரை இருவரும் விடவில்லை.