கை நனைத்த வீடு

நெல் மூட்டை தூக்குகிறவர்களின் கொக்கி மிக எளிய கருவி. ஒரு சாண் இரும்புக் கம்பி. ஒரு முனையை நகம்போல வளைத்துக் கூராக்கியிருப்பார்கள், மறுமுனையில் உள்ளங்கைக்கு அடங்கும் மரப்பிடி. சாக்கின் மூலையில் மாட்டி இழுத்தால் மூட்டை தானே எழுந்து தோளுக்கு வருவதுபோல வரும். சூட்சுமம் அந்த வளைவில் இருக்கிறது. இழுக்க இழுக்க அது ஆழமாக இறங்குமே தவிர விடாது. புதுவயல் என்ற ஊரில் ஓர் அரிசி ஆலையின் வாசலில், எந்த லாரிக்கு யார் சரக்கு ஏற்றுவது என்ற சண்டையில், செம்மலை அந்தக் கொக்கியை மரியப்பனின் கழுத்தில் மாட்டி இழுத்தான்.

மரியப்பனின் மனைவி லூசியா அப்போது ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு புருஷன் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வாய் வழியாக வரவில்லை, விரல்களுக்கு இடையிலிருந்து வந்தது. நெல்லின் மேல் விழுந்தான். ஆவி பறந்துகொண்டிருந்த நெல் அந்த இடத்தில் மட்டும் சிவந்து, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் நடந்ததையும் அவள் பார்த்திருந்தாள். முதல் அடி மரியப்பன் அடித்தது. அதில் செம்மலையின் முன்பல் ஒன்று தெறித்துப் போயிருந்தது.

செம்மலை சிறைக்குப் போனான். வழக்கு இழுத்தது. தொண்ணூற்றைந்தாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஜாமீனில் வெளியே வந்து, ஆலைக்குப் பின்தெருவில் தன் தாய் சோணையம்மாளோடு இருந்தான்.

நிபந்தனை ஜாமீன் என்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் அதற்குப் பயப்படுவார்கள். வெளியே வந்தவன் தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவன் ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அதனாலேயே அவன் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடப்பான் என்பது அவனைக் கொல்ல நினைப்பவனுக்கும் தெரிந்துபோகிறது. கையெழுத்துக்குப் போகிற வழியில் விழுந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

லூசியா செம்மலை சாவதை விரும்பினாள். அதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை. பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட, அந்தக் கொக்கி அவன் கழுத்தில் இறங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதுவரை பார்ப்பாள்.

அவளை அந்தப் படத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தியது அன்பியம். தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவதற்கு அந்தப் பெயர். விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிப்பார்கள், சும்மா இருப்பார்கள், மனசில் ஒட்டிய சொல்லை ஒவ்வொருவரும் சொல்வார்கள். முடிக்கும்போது ஒரு கேள்வி உண்டு: இதில் எதை இந்த வாரம் செய்யப் போகிறீர்கள்? அடுத்த வாரம் தொடங்கும்போது இன்னொரு கேள்வி: செய்தீர்களா? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது இருப்பதால்தான் முதலாவதற்கு எடை வருகிறது.

லூசியா வாரா வாரம் "செபம் பண்ணுவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பியத்தை நடத்தும் ஆரோக்கிய ஷீலா டீச்சர் ஒருநாள் சிரித்துவிட்டாள்.

"அது பல்லு வெளக்குவேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு லூசியா. கை கால் அசையிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

அந்த வாரத்து வாசகம் பகைவனின் பசியைப் பற்றியது. சோணையம்மாள் காய்ச்சலில் கிடப்பதாகக் கேள்வி. லூசியா பல்லைக் கடித்துக்கொண்டு, "செம்மலையோட ஆத்தாளுக்குக் கஞ்சி கொண்டுபோறேன்" என்றாள். கொண்டுபோனாள். சோணையம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். கஞ்சியைத் தெருவில் கொட்டினாள். காலிச் சட்டியை லூசியாவின் முகத்தில் வீசினாள். புருவம் கிழிந்தது.

"வெசம் வச்சுக் கொல்லவாடி வந்தே, எடுபட்ட சிறுக்கி!"

அடுத்த கூட்டத்தில், புருவத்தில் பிளாஸ்திரியோடு, "செஞ்சேன்" என்றாள் லூசியா. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அன்று வாசித்தது ஆண்டவர் தம் ஆட்களை ஊர் ஊராக அனுப்பும் இடம். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அந்த வீட்டுக்குச் சமாதானம் சொல்லுங்கள், அங்கே வைப்பதைச் சாப்பிடுங்கள் என்று அதில் வந்தது.

லூசியா அதைக் கேட்டு உட்கார்ந்தே இருந்தாள். கொண்டுபோய்க் கொடு என்று அதில் இல்லை. போய்ச் சாப்பிடு என்று இருந்தது. கொடுக்கிறவளின் கை எப்போதும் மேலே இருக்கிறது. அந்தக் கஞ்சியை நீட்டியபோது, பாரு, நான் எவ்வளவு பெரியவள் என்று தன் கையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவன் வீட்டில் சாப்பிடுவதா? "இந்த வாரம் ஒண்ணும் தோணல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் கொழுந்தன் ஜோசப் ராஜ் வந்தான். காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். துணியைப் பிரித்து அருவாளைக் காட்டினான்.

"லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது மதினி. சும்மா இரும்புன்னா எலும்புல பட்டா வாய் மடங்கிரும். இது மடங்காது."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீக. நாளைக்குக் காலையில கையெழுத்துக்குப் போவான்ல."

"தம்பி, வேணாம்ப்பா. ஒங்கண்ணன் போனாரு. நீ செயிலுக்குப் போனா இந்தக் குடும்பத்துல ஆம்பளைன்னு யாரு இருக்கா?"

"கும்பிட்டுக் கும்பிட்டு என்னத்தக் கண்டீக? புருவத்துல வாங்கிட்டு வந்ததுதான் மிச்சம். ஊரே சிரிக்குது." அருவாளைச் சுற்றினான். "அண்ணன் ரத்தம் அந்த நெல்லுலயே கெடக்கு மதினி. அரைச்சுப் பொங்கி எவனோ தின்னுட்டான்."

அவன் போன பிறகு லூசியா அடுப்பு பற்றவைக்கவில்லை. போலீசில் சொல்லலாம், இன்று பிடிப்பார்கள், அடுத்த மாதம் விடுவார்கள், அருவாள் இன்னும் நன்றாகத் தீட்டப்படும். அவனை நிறுத்தக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

அந்தத் தெருக்களில் அதற்கு ஒரு முறை உண்டு. கொலை விழுந்த இரண்டு வீடுகள் ஒன்றில் ஒன்று கை நனைக்காது. அதாவது சாப்பிடாது, தண்ணீர்கூடக் குடிக்காது. செத்தவன் பக்கத்துச் சொந்தம், அதுவும் தாயோ பெண்டாட்டியோ, கொன்றவன் வீட்டில் ஊர் பார்க்கக் கை நனைத்துவிட்டால் பகை அதோடு அறுந்தது. பிறகு செத்தவன் பக்கத்தில் எவனும் அருவாள் தூக்கக் கூடாது. தூக்கினால் சொந்தச் சனமே அவனைச் சேர்க்காது. கொன்றவன் வீட்டையும் அது கட்டும்; அவர்களும் செத்தவன் ஆள்மேல் கை வைக்கக் கூடாது. சோறு போட்டால், உன் வீட்டு ரத்தத்துக்கு நான்தான் பொறுப்பு என்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகும். அதனால்தான் யாரும் லேசில் போடுவதில்லை, யாரும் லேசில் கேட்பதும் இல்லை.

வைப்பதைச் சாப்பிடுங்கள். லூசியாவுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வீடு இருக்க, ஆண்டவரே, அந்த வீடா?

காலையில் பின்தெருக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்ற நேரமாகப் பார்த்துப் போனாள். ஊர் பார்க்காமல் செய்தால் செல்லாது. செம்மலை வீட்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்த வீட்டுக்குச் சமாதானம். ஆத்தா, பசிக்குது. சோறு போடுங்க."

சோணையம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள். முதல் அடி தோளில். அடுத்தது கன்னத்தில். லூசியா நகரவில்லை. கிழவி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவள் கொண்டையைப் பிடித்து, தலையை நிலைக்கட்டையில் மோதினாள். புருவத்துப் புண் திறந்துகொண்டது.

"எம்மகனச் செயில்ல போட்டது பத்தாதா? வாசலுக்கு வந்து வேற பிடுங்கணுமா? போடி!"

"சோறு போடுங்க ஆத்தா."

செம்மலை கடப்பாரையோடு வெளியே வந்தான். ஒரு கையால் அவள் முந்தியை உதறிப் பார்த்தான். செபமாலை கீழே விழுந்தது, வேறொன்றும் இல்லை.

"யாரு அனுப்புனா? சாட்சிய மாத்திச் சொல்லத் துட்டுக் கேக்க வந்தியா?"

"இல்ல. பாத்ததப் பாத்தபடிதான் சொல்லுவேன். நீங்க கொக்கிய மாட்டி இழுத்ததையும் சொல்லுவேன். எங்க வீட்டுக்காரரு முதல்ல அடிச்சதையும் சொல்லுவேன்."

"பெறகு எதுக்குடி சோறு?"

"கோர்ட்டு செய்யிறதக் கோர்ட்டு செய்யட்டும். அருவா செய்ய வேணாம்."

செம்மலை தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. பேசும்போது முன்பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது.

"ஆத்தா, போடு."

"கிறுக்குப் பயலே! போட்டா நாமதான் செஞ்சோம்னு ஆகிப்போகும்டா!"

"நாமதானே செஞ்சோம்."

கிழவி அசையவில்லை. செம்மலை கடப்பாரையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, தானே உள்ளே போய்ப் பழைய சோற்றை ஒரு வட்டிலில் எடுத்து, உப்பும் மோரும் விட்டுப் பிசைந்து கொண்டுவந்து, வாசலில் உட்கார்ந்திருந்த லூசியாவின் முன்னால் வைத்தான். குழாயடியில் நிரம்பின குடத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிசைந்த கை அந்தக் கை. லூசியா அதைத்தான் பார்த்தாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொக்கிப்பிடி காய்த்துப்போன தழும்பு. வட்டிலை அப்படியே அவன் முகத்தில் எறிய வேண்டும் என்று தோளிலிருந்து ஒரு விசை இறங்கியது. அவள் கையைச் சோற்றுக்குள் வைத்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ஜோசப் ராஜ் ஓடிவந்தான். கையெழுத்துக்குப் போகிறவனுக்காகத் தெருமுனையில் காத்திருந்தவனுக்கு யாரோ சேதி சொல்லியிருந்தார்கள். செம்மலை ஊறுகாய் வைக்கக் குனிந்திருந்தான். பின்கழுத்து நன்றாகத் தெரிந்தது. அருவாள் இறங்கியது. லூசியா இடது கையை நீட்டினாள்.

கொழுந்தன் சொன்னது சரி. வாய் மடங்கவில்லை. முன்கையில் சதையைத் திறந்துகொண்டு போய் எலும்பில் நின்றது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. வந்தது நிற்காமல் வந்தது, வட்டிலில், மோரில், செம்மலையின் முதுகில்.

"மதினி!" ஜோசப் ராஜ் அருவாளை விட்டுவிட்டான். ஆனால் அவன் பார்த்தது அவள் கையை இல்லை, வாயை. "துப்புங்க! முழுங்கிராதீக! துப்புங்க மதினி!"

அவள் தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டுச் சோற்றை வழித்தெடுக்கப் பார்த்தான். லூசியா கடித்தாள். எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு கையை இழுத்ததும், அவன் ரத்தமும் மோரும் சோறுமாக வாயில் இருந்ததை ஒரே மூச்சில் விழுங்கினாள்.

குழாயடியிலிருந்து அக்கம்மாள் கிழவி சத்தமாகச் சொன்னாள்: "முழுங்கிட்டாப்பா. நான் பாத்தேன்."

செம்மலை எழுந்திருந்தான். கடப்பாரை அவன் கையில் வந்திருந்தது. ஜோசப் ராஜின் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

"கீழ போடுங்க" என்றாள் லூசியா. "கை நனைச்ச வீட்டுல எங்காளு மேல கை வைக்கப்படாது. அது ஒங்களுக்கும் சேத்துத்தான்."

கடப்பாரை சிறிது நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. ஜோசப் ராஜ் நிலைக்கட்டையில் தன் நெற்றியை மோதினான், திரும்பத் திரும்ப மோதினான். "அண்ணனத் தின்னுட்டீகளே, அண்ணனத் தின்னுட்டீகளே" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான். யாரும் அவனை வழிமறிக்கவில்லை. அருவாள் அங்கேயே கிடந்தது.

ஆட்டோ வந்தது. காரைக்குடி ஆஸ்பத்திரிவரை யார் கூடப் போவது என்று யோசிப்பதற்குள் சோணையம்மாள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். செம்மலையின் துண்டால் கையை இறுகச் சுற்றியிருந்தார்கள். கிழவி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, லூசியாவின் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வெட்டுப்பட்ட கையைத் தொங்கவிட்டால் ரத்தம் அதன் கனத்திலேயே ஓடிவிடும். நெஞ்சுக்கு மேலே தூக்கினால் அது ஏற வேண்டியிருக்கும், வேகம் குறையும். கிழவிக்கு அது எங்கிருந்து தெரியும் என்று லூசியா கேட்கவில்லை.

செம்மலையின் மேல் இருந்த வெறுப்பு போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். போகவில்லை. அதே இடத்தில் இருந்தது. ஆனால் காலையிலிருந்து அவள் கை கால்களை அசைத்தது அது இல்லை. இத்தனை நாளாகக் காதால் கேட்ட ஒரு சொல் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தது. அவள் பாரத்தை அது தாங்கவும் செய்தது. இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பள்ளங்களில் ஆட்டோ குலுங்கியது. சோணையம்மாள் கேட்டாள்:

"கோர்ட்டுல எம்மகனுக்கு எதிராத்தான் பேசுவே?"

"ஆமா ஆத்தா."

கிழவிக்குக் கைகள் வலித்திருக்கும், இவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அவள் பிடியை மாற்றி, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.