பலகையில் இருந்த லெவி

ஜெத்ரோ ரட்டின் குதிரை ராட்டினப் பலகைகளில் 1919ஆம் வருஷம் போர்ப் படங்களை அழித்துவிட்டுக் காட்டைக் கொண்டுவருவதாக முடிவாகியிருந்தது. சிங்கம், புலி, யானை, வாயைப் பிளந்த முதலை. பிப்ரவரி பதினாலாம் தேதி இங்கிலாந்தின் கிங்ஸ் லின் ஊர்ச் சந்தை தொடங்கிவிடும். அதற்குள் பதினாறு பலகைகளும் வரைந்து, காய்ந்து, வார்னிஷ் பூசி, ராட்டினத்தின் நடுவில் இருக்கும் நீராவி இன்ஜினைச் சுற்றி ஏறி நின்றாக வேண்டும். ஓவியன் எட்வின் ஜனவரி முதல் வாரமே தூரிகைப் பெட்டியும் தங்கரேக்குக் கட்டுமாக ரட் குடும்பத்தின் குளிர்காலக் கொட்டகைக்கு வந்து இறங்கிவிட்டான். முப்பது மரக்குதிரைகளும் கழற்றப்பட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றன.

இந்தப் பலகைகள் பார்க்காத கூத்து கிடையாது. ராட்டினம் புதிதாக வந்தபோது அவற்றில் கடல் இருந்தது, கடல் ராஜா இருந்தார், மேலே ஒன்றும் உடுத்தாத கடல்கன்னிகள் இருந்தார்கள். பாதிரியார்கள் முகம் சுளிக்கவும் கன்னிகளுக்குச் சட்டை போட்டார்கள். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் சண்டை வந்தது. கன்னிகள் மேலேயே பெரிய மீசை வைத்த தளபதிகள் ஏறி உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் தோற்றுத் திரும்பிவந்தார். ஜனங்கள் அவர் படத்தின் மேல் ஆப்பிளை விட்டெறிந்தார்கள். ஜெத்ரோவின் அப்பா அசரவில்லை. தளபதிக்குத் தாடி ஒட்டி வேட்டைக்காரர் ஆக்கிவிட்டார். காசு கொடுத்து ஏறுகிறவன் எதைப் பார்க்க ஆசைப்படுகிறானோ அதை வரைய வேண்டும். அவர்கள் தொழிலில் வேறு தர்மம் இல்லை.

1915 ஜனவரியில் ஜனங்கள் ஆசைப்பட்டது போர். எட்வின்தான் வரைந்தான். பதினாறு பலகையிலும் பாய்கிற குதிரைகள், புகை, பீரங்கி. நடுநாயகமாக, டிக்கெட் கூண்டுக்கு நேர் மேலே, வாளை ஓங்கிக்கொண்டு ஒரு குதிரை வீரன்.

அந்த வீரனை வரைய மாதிரியாக உட்கார்ந்தவன் ஜெத்ரோவின் ஒரே மகன் லெவி. அப்போது பதினெட்டு வயது. இதே கொட்டகையில் மரக்குதிரை மேல் ஏறி, துடைப்பக் கட்டையை ஓங்கிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தான். முழங்கால், தோள், கடிவாளத்தைப் பிடித்த கை எல்லாமே அவனுடையதுதான். முகத்துக்கு வந்தபோது சந்தைக்குப் பத்தே நாள் இருந்தது. எட்வின் பெட்டியிலிருந்து ஊசித்துளைத் தாளை எடுத்தான். அழகான வீரன் ஒருவனின் முகத்தை ஊசியால் குத்திக் குத்தி வைத்திருக்கும் தாள் அது. பலகையில் வைத்துக் கரித்தூள் பையால் தட்டினால் போதும், கண்ணும் மூக்கும் வாயும் புள்ளியாக இறங்கிவிடும். அந்த ஒரே முகத்தை அவன் நான்கு மாவட்டங்களில் பதினோரு ராட்டினங்களில் இறக்கியிருந்தான்.

லெவி இறங்கிவந்து பார்த்தான். குதிரை உதைத்து வளைந்த மூக்கு அவனுக்கு. காதுகள் இரண்டும் பானைக் கைப்பிடி மாதிரி நிற்கும். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும்.

"மாமா, உடம்பு என்னுது. மூஞ்சி யாருது?"

"உன் மூஞ்சிய வெச்சா எதிரி சிரிச்சே செத்துடுவான்டா. அது நியாயமான போரா இருக்காது."

லெவி விழுந்து விழுந்து சிரித்தான். எட்வினும்தான் சிரித்தான்.

ஆனால் சந்தையில் யாரும் மூக்கைப் பார்க்கவில்லை. "ரட் வீட்டுப் பையன்டா அது" என்று முதல் நாளே பேச்சு கிளம்பிவிட்டது. பெண்பிள்ளைகள் மேலே பார்ப்பார்கள், கீழே டிக்கெட் கிழிக்கிறவனைப் பார்ப்பார்கள், கிசுகிசுப்பார்கள். பக்கத்துக் கூடாரத்துப் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்துத் தருவதாகக் கூப்பிட்டபோது லெவி அம்மாவிடம், "எதுக்கும்மா தண்டச் செலவு? அதான் மேல இருக்கேனே" என்றான். ஜூன் மாதம் ஒரு ஊரில் ஆள் சேர்க்கிற சார்ஜென்ட் ராட்டினத்தின் அடியிலேயே வந்து நின்றான். "பலகையில இருக்கற வீரன் இங்க என்ன டிக்கெட் கிழிச்சிட்டிருக்கான்?" என்று கூட்டம் கேட்கக் கத்தினான். கூட்டம் கை தட்டியது. தட்டின பிறகு பையன் என்ன செய்வான்? போனான். இரண்டு வருஷம் ஃபிரான்சில் பீரங்கி இழுக்கும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டான். 1917 ஏப்ரலில் கடிதம் வந்தது. புதைப்பதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

அவனை அனுப்பியது தன் தூரிகைதான் என்று எட்வின் நினைத்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததால் அது ஒரு நாளும் குறைந்ததும் இல்லை.

இப்போது பலகைகளைப் பற்றித்தான் வீட்டில் தகராறு.

"பதினாறையும் அழிச்சிடு, எட்வின்" என்றான் ஜெத்ரோ.

"பதினஞ்சு" என்றாள் அவன் மனைவி கெசையா.

"சிங்கத்துக்கும் முதலைக்கும் நடுவுல ஒரு சிப்பாய் என்னடி பண்ணுவான்?"

"வேட்டையாடுவான். உங்கப்பா தாடி ஒட்டின ஆளு வேட்டையாடல?"

"கெசையா, அதப் பாக்க என்னால முடியல."

"அப்ப நீ பாக்காத. நான் பாத்துக்கறேன்."

ஜெத்ரோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்ஜினைப் பார்க்கப் போய்விட்டான். பேச்சு முற்றினால் அவனுக்கு எப்போதும் இன்ஜினில் வேலை வந்துவிடும்.

கெசையா ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு கிண்ணம் வெந்நீரும் மெல்லிய துணியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவாள். பலகையில் இருக்கிற முகத்தை நெற்றியிலிருந்து துடைப்பாள். கன்னம், மூக்கோரம், மோவாய். குழந்தைக்கு முகம் கழுவுகிற அதே அவசரம், அதே அழுத்தம். எட்வின் அந்த நேரம் பார்த்துச் சாயம் அரைக்க உட்கார்ந்துவிடுவான்.

ஒரு நாள் துடைத்து முடித்தவள் அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நான் சொன்னதே இல்ல. நீங்க மட்டும் அன்னிக்கி இத வரையலைன்னா எம்புள்ள முகமே எனக்கு மிஞ்சியிருக்காது. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அன்று அவனால் யானைக்குத் தும்பிக்கையை நேராக இழுக்க முடியவில்லை. இவள் தினமும் துடைப்பது எவனோ ஒருவனுடைய முகம். தன் பெட்டியில் மடித்துக் கிடக்கிற தாள். இந்தத் தாய்க்குத் தன்னால் கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

மறுவாரம் கெசையா விஷக்காய்ச்சலில் கிடந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் ஊருக்குப் போனாள். எட்வின் அந்தப் பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தான். வார்னிஷை உரசிவிட்டுத்தான் மேலே பூச வேண்டும். உரசக் கை வரவில்லை. வார்னிஷின் மேலேயே புது முகத்தை வரைய ஆரம்பித்தான்.

தாள் இல்லை, கரித்தூள் இல்லை. முதலில் வந்தது காதுகள். அப்புறம் இடது புருவத்தில் முடி முளைக்காத அந்தத் தழும்பு. மூக்கை மூன்று முறை அழித்து மூன்று முறை வளைத்தான். வாளை ஓங்குகிற வீரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், படம் அப்படித்தான். ஆனால் லெவி வாயை மூடி அவன் பார்த்ததில்லை. கொஞ்சம் திறந்துவிட்டான், உடைந்த பல் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். "மாமா" என்று கூப்பிட்டுவிடுவான் போலிருந்தது. எட்வின் முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அந்த அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று மணிக்குக் கெசையா வந்தாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேரே பலகையிடம் போனாள்.

"யாரு இது?"

"லெவி" என்றான் எட்வின்.

அவள் கிட்டப் போனாள். பின்னால் வந்தாள். மறுபடி கிட்டப் போனாள்.

"எம்புள்ளைய என்னண்ணே பண்ணினீங்க?"

"கெசையா, பழைய முகம் அவனோடது இல்ல. அது ஒரு தாளு. அவசரத்துல நான் தட்டினது. இதுதான் அவன். அந்த மூக்க பாரு. அந்தப் பல்ல..."

"எம்புள்ள மூக்கு எனக்குத் தெரியாதா? நாலு வருசமா இந்தக் கையால துடைச்சிருக்கேன். நேரா இருக்கும்! எவனோ காது நீட்டின பயல கொண்டாந்து எம்புள்ள ஒடம்புல ஒட்டி வெச்சிருக்கீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?" அவள் குரல் உடைந்தது. "அவன் போனப்பகூட எனக்கு அந்த முகம் இருந்திச்சு. இப்ப அதுவும் போச்சு."

சத்தம் கேட்டு ஜெத்ரோ ஓடிவந்தான். கையெல்லாம் இன்ஜின் கிரீஸ். பலகையைப் பார்த்தவன் நடுவழியில் நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். அவன் உதடு அசைவதை எட்வின் பார்த்தான். அவன் மகனைத் தெரிந்துகொண்டுவிட்டான். இனி பெண்டாட்டியிடம் அவனே சொல்லிவிடுவான், எல்லாம் சரியாகிவிடும் என்று எட்வின் நம்பினான்.

"ஜெத்ரோ, நீயே சொல்லு" என்றாள் கெசையா. "இதுவா எம்புள்ள?"

ஜெத்ரோ அவளைப் பார்த்தான். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"இல்ல" என்றான். "இது அவனில்ல. நீ போய் டீ போடு. நீ வரதுக்குள்ள பழையபடி ஆயிடும்."

அவள் போனாள். ஜெத்ரோ பலகைக்கு முன்னால் மண்டியிட்டான். இரண்டு முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"அந்தப் பல்லு" என்றான். "வண்டிச் சக்கரத்துல இடிச்சிக்கிட்டான். ஏழு வயசு. நான் மறந்தே போயிட்டேன் எட்வின். நீ எப்படிடா ஞாபகம் வெச்சிருந்தே?"

எட்வின் அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"எதுக்கு பதினாறையும் அழிக்கச் சொன்னேன்னு இப்பத் தெரியுதா? நெமுந்து பாக்கும்போதெல்லாம் அந்த அழகுப்பய என்னைப் பாத்துச் சிரிச்சான். பாக்கப் பாக்க என் பையன் மூஞ்சி தேய்ஞ்சிக்கிட்டே வந்துது. அவகிட்ட எப்படிச் சொல்வேன்? அவளுக்கு அவன்தான் லெவின்னு ஆயிப்போச்சு." மூக்கை உறிஞ்சினான். "சாயம் ஈரமாத்தானே இருக்கு?"

"ஈரம்தான். அடியில பழைய மூஞ்சி மேல வார்னிஷ் இருக்கு. துடைச்சா வந்துடும்."

"டர்பன்டைனும் துணியும் குடு."

"நான் பண்றேன், ஜெத்ரோ."

"வேணாம். எம்புள்ள. நானே பண்றேன்."

அவன் காதிலிருந்து ஆரம்பித்தான். துணியை விரலில் சுற்றி, பதற்றமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. புருவத் தழும்பு போனது. அந்த இடத்தில் வில் மாதிரி புருவம் எழுந்தது. வளைந்த மூக்கு கரைந்து நேர் மூக்கு வந்தது. வாய்க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வெளியே தட்டில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. ஜெத்ரோ கண்ணை மூடிக்கொண்டு அதையும் துடைத்தான்.

கெசையா டீயை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. ஏப்ரன் நுனியால் அந்தக் கன்னத்தில் மிச்சமிருந்த ஈரத்தை ஒற்றினாள்.

"வந்துட்டான். பாரு ஜெத்ரோ, ஒண்ணுமே ஆகல அவனுக்கு."

"ஆமா" என்றான் ஜெத்ரோ. "ஒண்ணும் ஆகல."

அழுக்குத் துணிகளைப் போடும் டப்பாவை எட்வின் அவன் பக்கம் நகர்த்தினான். மகன் முகத்தைத் துடைத்தெடுத்த துணியை ஜெத்ரோ அதில் போடவில்லை. அதை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக் கையில் எடுத்தான்.