வேகமாகப் பாடியது

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போனை என் முன்னால் நீட்டினார். திரையில் என் மனைவி. வீடியோவைப் பாதியில் நிறுத்தியிருந்ததால் வாய் திறந்தபடி நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளை, இந்தப் பாட்டுல மேளம் கிட்டார் எல்லாத்தையும் எடுத்துட்டு, அவ குரலை மட்டும் தனியாப் பண்ணித் தர முடியுமா? நீங்க பாக்குற வேலைதானே இது?"

முடியும் என்றேன். அதுதான் சிக்கல்.

நான் மியூசிக் வீடியோக்களுக்கு எடிட்டர். இதையும் நான்தான் வெட்டினேன். நடிக்க வேண்டியவள் கடைசி நேரத்தில் வராமல் போக, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியை டைரக்டர் பிடித்து நிறுத்தினார். பாடியது வேறொரு பெண். என் மனைவி பாடினால் சுருதி அடுத்த தெருவில் நிற்கும். வீடியோ வெளியான அன்று அத்தை போனில், "நீயாடி பாடின?" என்று அழுதார். இவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "பின்ன, வேற யாராம்?" என்றாள். நேரில் போகும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது.

அத்தைக்கு அவள் ஒரே பெண். காரியமெல்லாம் முடிந்த பிறகும் அத்தை திரும்பிப் போகவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் அந்தப் பாட்டோடுதான் எழுந்திருக்கிறார். என் போனில் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் அவள் குரல் இருக்கிறது. எல்லாம் பால், சாவி, சிலிண்டர். பாட்டு இல்லை.

மறுநாள் டைரக்டரின் அறைக்குப் போனேன். அலமாரியைக் கலைத்து ஹார்ட் டிஸ்கைத் தேடிக் கொடுத்தார்.

"பாடகியோட குரல் இதுலயே தனியா இருக்கு. காப்பி பண்ணிக் குடுத்துட்டுப் போயேன். இதுல என்னடா யோசனை?"

"அது அவ குரல் இல்லையே."

"வீடியோவுல எதுடா நிஜம்? அவ பூட்டிட்டுக் கிளம்புற வீட்டுக்குப் பின்னாடி சுவரே கிடையாது. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பாட்டு, வீட்டுக்குத் திரும்பி வரச்சொல்லி ஒருவரைக் கூப்பிடும் பாட்டு. நான் முதலில் ஒருவன் திரும்பி வருவதாகத்தான் காட்சிகளை அடுக்கியிருந்தேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பாட்டு வான்னு சொல்லுது, படமும் வந்துட்டேன்னு சொன்னா அதுக்குப் பேரு கல்யாண வீடியோடா. அவளைக் கிளம்ப வை." கிளம்ப வைத்தேன். பாட்டில் கூப்பிடுகிறவளே படத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாள். அப்போது எல்லோரும் பாராட்டினார்கள்.

அவர் டீ வாங்கப் போனதும் படப்பிடிப்பன்று எடுத்ததை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசிப் பகுதி முழுக்க ஸ்லோ மோஷன். அதற்குப் படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்துக்கே வாயசைக்க வைப்போம். பிறகு காட்சியைப் பாதி வேகமாக்கினால் உதடு பாட்டோடு சேர்ந்துவிடும், உடம்பு மட்டும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும். தொண்டை நரம்பு தெரிய வேண்டும் என்பதற்காகச் சத்தமாகவே பாடச் சொல்வோம். அந்தச் சத்தத்தை எந்த எடிட்டரும் கேட்பதில்லை. முதல் வேலையாக அதை அணைத்துவிடுவோம். நானும் அணைத்திருந்தேன்.

இப்போது திறந்தேன். ஸ்பீக்கரின் இரைச்சல்தான். அவள் குரல் அதற்கு அடியில் எங்கோ கிடந்தது. ஒரே ஒரு டேக்கில் ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டது. பாட்டு நின்றுவிட, அவள் நிற்கவில்லை. பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி மூச்சு வாங்க, சுருதியே இல்லாமல், வரிகளை விழுங்கிப் பாடிக்கொண்டே போனாள். பிறகு, "அய்யய்யோ, நான் மட்டுமா பாடுறேன்?" என்று சிரித்தாள். அவ்வளவுதான்.

சரியான வேகத்துக்குக் கொண்டுவரலாம் என்று பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆண் முனகுவதுபோல் வந்தது. பழையபடியே விட்டேன்.

இதையும் பாடகியின் தனிக்குரலையும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். டீ குடிக்கவில்லை.

வீட்டில் அத்தை காத்திருந்தார். தலைமுடியைச் சீவியிருந்தார், யாரோ வரப்போவதுபோல. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

எதையும் விளக்கவில்லை. அவள் பாடியதைப் போட்டேன்.

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார். சிரிப்பு வந்த இடத்தில் அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. முடிந்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"அத்தை, அந்தப் பாட்டு..."

"இது வேணாம் மாப்பிள்ளை."

"அத்தை..."

"அவ பாடினதைப் போடுங்க."

என் முகத்தைப் பார்த்துதான் சொன்னார். தெரிந்து சொன்னாரா என்று அந்தக் கண்களிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்றதைப் போட்டேன். மேளம் இல்லை, கிட்டார் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், எங்கள் சமையலறையில் நின்று பாடுவதுபோல் அத்தனை சுத்தமாக, திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை, தொண்டை நரம்பு மட்டும் புடைத்திருந்தது. பழக்கத்தில் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். உதடு பாட்டைவிட்டு ஒரு ஃபிரேம் கூட விலகவில்லை.