நடுமேட்டில் இரண்டு நிமிடம்

அந்தச் சாலையை ஒரே மூச்சில் கடக்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. போக மூன்று தடம், வர மூன்று தடம், நடுவில் இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம் போல ஒரு சிமெண்ட் மேடு. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு பதினெட்டு செகண்ட்தான் எரியும். இடது முட்டி தேய்ந்துபோன ஐம்பத்தெட்டு வயதுக்காரி அதற்குள் அந்த மேடு வரைக்கும்தான் வந்து சேருவாள். அடுத்த பச்சை விழ இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை முன்னாலும் பின்னாலும் வண்டிகள் பறக்க, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. அதன் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் 'இஸ்திரி அக்கா'. இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, கையைக் காட்டினால் காரியம் நடக்கும். வீட்டிலும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. கணவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில் குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாளில் பால் பொங்கி வழியும்போது 'அடடா' என்று சொன்னால்தான் வீட்டில் அவள் குரல் அவள் காதிலேயே விழும்.

அதனால் அந்த இரண்டு நிமிடம் அவளுக்குப் பெரிய விஷயமாகிப்போனது. காரணம், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவரும் அதே மேட்டில் வந்து மாட்டிக்கொள்வார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர், ஒல்லி. கையில் எப்போதும் சாப்பாட்டுத் தூக்கு. சாலைக்கு இந்தப் பக்கம் படுத்த படுக்கையாக இருக்கும் அக்காவுக்கு ஊட்டிவிடப் போகிறவர். காலை எட்டே முக்காலுக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பார்கள்.

"இன்னைக்கும் நாம ரெண்டு பேரும் பாஸாகல," என்பார்.

"நமக்கு வருஷா வருஷம் இதே வகுப்புதான் சார்," என்பாள் அவள்.

பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். அக்கா நேற்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார், சலவைக்கூடத்தில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது, இப்படி ஏதாவது. பச்சை விழுந்ததும் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இருந்தாலும் காலையில் தலை வாரும்போதே இன்றைக்கு அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அவள் மனசு துழாவும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேட்டில் நிற்கவில்லை.

"அக்காவுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல்மா, நிக்க நேரமில்ல," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, பச்சை அணையப்போகிற நேரத்தில் மீதிச் சாலையில் இறங்கிவிட்டார். பாதி தாண்டுவதற்குள் சிவப்பு. ஒரு பைக் அவரை இடித்துத் தள்ளியது. தூக்கு உருண்டு போனது, அவர் கையை ஊன்றி விழுந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"பெரியவரே, பாத்து வரக்கூடாதா?" என்றான் ஒருவன்.

அவளுக்கு வந்த கோபத்தில் முட்டிவலி மறந்துபோனது. "அவர் பச்சையிலதான் இறங்கினாரு. நான் பாத்துட்டுதான் நின்னேன். அவரைச் சொல்லாதீங்க," என்றாள். அவரை ஆட்டோவில் ஏற்றி, தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போடும்போதும் அவர், "அக்கா பசியோட இருப்பாங்க," என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்துத் தனக்கு லீவு கிடைத்த நாளில் சிக்னல் ஆபீஸைத் தேடிப் போனாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். சிக்னல் நேரத்தைக் கவனிக்கும் இன்ஜினியர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"அந்த ரோடு இருபத்து மூணு மீட்டர்மா. ஒரு ஆள் எவ்ளோ வேகமா நடப்பாருன்னு புத்தகத்துல இருக்கு. அந்தக் கணக்குக்குப் பதினெட்டு போதும்."

"அந்தப் புத்தகத்துல நடக்கிறவருக்கு முட்டிவலி கிடையாது போல," என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கை விரித்தார். நேரத்தைக் கூட்டினால் வண்டிகள் தேங்கும், புகார் வரும் என்றார். அவள் அடுத்த வாரமும் போனாள், அதற்கு அடுத்த வாரமும் போனாள். மூன்றாவது தடவை அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்ததும், "நீங்க வராதீங்கம்மா, நானே வரேன்," என்றார்.

சொன்னபடி வந்தார். காலை எட்டே முக்காலுக்கு போனில் நேரத்தை ஓடவிட்டு அவள் கூடவே நடந்தார். பச்சை அணைந்தபோது இரண்டு பேரும் நடுமேட்டில் நின்றார்கள். ஒரு லாரி அவர் சட்டையை ஒட்டி உறுமிக்கொண்டு போனது. முகம் வெளுத்துவிட்டது.

"தினமும் இங்கதான் நிப்பீங்களா?"

"பழகிடுச்சு."

பத்து நாளில் பதினெட்டு முப்பத்தைந்து ஆனது. முதல் நாள் ஒரே நடையில் மறுகரை சேர்ந்து, திரும்பிப் பார்த்தாள். கைத்தடி ஊன்றியவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு வந்த கர்ப்பிணி, எல்லாரும் பதறாமல் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சலவைக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் உறைத்தது, எதிரே கடந்துபோன நூலகத்துக்காரரிடம் இன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று.

அப்புறம் அப்படியேதான் ஆனது. கட்டுப்போட்ட கையோடு அவர் எதிரே வருவார். "ஆச்சா?" என்பார். "ஆச்சு," என்பாள். அதற்குள் கடந்துவிடுவார்கள். சாலை நடுவில் நின்று பேச முடியுமா என்ன? நேரம் கேட்டு மல்லுக்கு நின்றது தான்தானே என்று நினைத்துக்கொள்வாள். வருத்தப்படவும் நியாயமில்லை, வருத்தம் போகவும் இல்லை.

பிறகு அவர் வருவதே நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அவர் சொன்ன பெயர் அன்றைய பதற்றத்தில் மனசில் நிற்கவில்லை, வீடு தெரியாது, போன் நம்பர் கேட்கத் தோன்றியதில்லை. யாரிடம் போய் என்னவென்று விசாரிப்பது?

மூன்றாவது வாரம் அவள் சாலையைக் கடந்து ஏறிய இடத்தில் அவர் நின்றார். கையில் தூக்கு இல்லை.

"அக்கா போயிட்டாங்கம்மா. இருபது நாளாச்சு."

அவள் வண்டிகளை விட்டு விலகி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லணும்னு தோணுச்சு. உங்க வீடு தெரியாது. இங்க நின்னா வருவீங்கன்னு மட்டும் தெரியும்."

"நல்ல காரியம் பண்ணீங்க சார்," என்றாள் மெல்ல. "நானும் உங்களைக் காணோமேன்னு தவிச்சுப் போயிட்டேன்."

ஆஸ்பத்திரி வாசல் அங்கிருந்து நானூறு அடி இருக்கும். நடைபாதை முழுக்க வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்கள், சாலை ஓரமாகத்தான் நடக்க வேண்டும். அவர் கேட்காமலே வண்டி வரும் பக்கத்தில் போய் நடந்தார். அக்கா கடைசியில் என்ன கேட்டார், யார் யார் வந்தார்கள், இப்போது காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது, எல்லாம் சொன்னார். வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"இனி எனக்கு ரோடு தாண்ட வேலையே இல்லம்மா."

"தாண்ட வேணாம் சார். இந்த வாசல் வரைக்கும் நடங்க, போதும்," என்றாள்.

மறுநாள் வந்தார். அதற்குப் பிறகும் வருகிறார், எல்லா நாளும் இல்லை. வராத நாளில் அந்த நானூறு அடியை, ஹாரன் அடிக்கிற வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, அவள் தனியாகவே நடந்து போகிறாள். ஏன் வரவில்லை என்று அடுத்த நாள் கேட்பதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.