அறுபத்திரண்டு பக்கங்களின் கறுப்பு நூல்

ஆஸ்பத்திரி நிர்வாகம் அனுப்பிய விசாரணை அறிக்கையின் கறுப்புக் கோடுகளில் ஒன்று, வந்து சேர்ந்த பதினோராம் நாள் காலையில், தையல்காரியின் மேசைமேல் நுனி பிரிந்து நூலாகத் தொங்கியது. அறிக்கை அறுபத்திரண்டு பக்கம். அத்தனையிலும் மறைக்கப்படாமல் விடப்பட்டவை அவளுடைய தம்பியின் பெயரும் ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்லும்தான்.

தம்பி அந்த அரசு ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் லிஃப்ட் ஓட்டியவன். நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட் அறுந்து விழுந்தபோது உள்ளே அவனோடு ஒரு நோயாளியும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். மூன்று பேரும் போய்விட்டார்கள். குடித்திருந்தான் என்று முதல் வாரம் பேசினார்கள். இரண்டாவது வாரம் தூங்கிவிட்டான் என்றார்கள். அவன் மனைவி கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டாள். அக்காக்காரி எதையும் விடவில்லை. பள்ளிச் சீருடைகளை வெட்டித் தைத்துக்கொண்டே, விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். சட்டம் சொன்ன முப்பதாவது நாள் நகல் வந்தது. கூடவே, எதற்காகக் கறுப்படித்தோம் என்று நான்கு விலக்குகளும் வந்தன: லிஃப்ட் கம்பெனியின் வியாபார ரகசியம், முடியாத விசாரணை, அதிகாரிகளின் அந்தரங்கம், வெளியே சொன்னால் ஒருவர் உயிருக்கு ஆபத்து.

அவள் கடையைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரியின் தகவல் பிரிவு ஜன்னலுக்குப் போய், செத்தவர்கள் செத்தாகிவிட்டது, இனி யார் உயிருக்கு ஆபத்து என்று கேட்டாள். குமாஸ்தா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரிவு நம்பர் வரைக்கும்தாம்மா எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரியாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே கோட்டின் நுனி தொங்கியதைக் கண்டபோது அவள் ஆச்சரியப்பட நேரம் செலவிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மை இல்லை, தையல். அதுவும் அவசரத்தில் போட்ட நெருக்கமான தையல். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, துணி கிழியாமல் பிரிப்பதுபோலக் காகிதம் கிழியாமல் பிரித்தாள். ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆனது. நாற்பது நாளில் அறிக்கை முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் தம்பியின் கையெழுத்து இருந்தது. கம்பி தேய்ந்துவிட்டது என்று ஏழு தடவை எழுதிக் கொடுத்திருந்தான். ஏழாவது கடிதத்தில், ‘நாளை முதல் நான் லிஃப்டை எடுக்கமாட்டேன்’ என்றிருந்தது. அதன் ஓரத்தில் நிர்வாக அதிகாரி, ‘எடுக்காவிட்டால் வேலைக்கு வரவேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தையல்காரி அந்தப் பக்கத்தைத் தம்பி மனைவியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். அவள் அந்தக் கையெழுத்தை விரலால் தடவினாள். பிறகு, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா” என்றாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, நிதானமாக நடந்து போனாள்.

கறுப்படித்ததை எதிர்த்துத் தகவல் ஆணையத்தில் அவள் போட்டிருந்த மேல்முறையீட்டின் விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் கொதித்தார். விலக்கு அளிக்கப்பட்ட தகவலை இந்தம்மா திருடிவிட்டார் என்றார். தையல்காரி எழுந்து நின்றாள். “திருடலைங்க. பேப்பரை நீங்கதான் அனுப்புனீங்க. நீங்க தைச்சீங்க, நான் பிரிச்சேன். அதுதான் என் தொழில்.” ஆணையர் பக்கங்களை வாங்கி, பேனாவால் புதிதாகக் கோடு போடச் சொன்னார். போட்டார்கள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பியபோது அந்தக் கோடுகளும் நுனி பிரிந்து தொங்கின. ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முப்பத்தெட்டாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடிக்கச் சொல்லி அன்றைக்கே உத்தரவு போட்டார். நிர்வாக அதிகாரி அந்த மாதமே வேலையை விட்டுப் போனார்.

அதன்பின் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நிலத்தை இழந்தவர், தேர்வில் காரணமில்லாமல் கழிக்கப்பட்டவள், ஜெயிலில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்று ஆளுக்கொரு கறுப்புக் காகிதத்தோடு வாசலில் நின்றார்கள். அலுவலகங்கள் மையை மாற்றின, பசை நாடா ஒட்டின, ஒரு வருடம் முழுப் பக்கத்தையே கறுப்பாக அடித்து அனுப்பின. முழுப் பக்கம் பிரிக்க நாலு நாள் ஆனது, அவ்வளவுதான். தம்பி மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டாள். சீருடைப் பொத்தான்களையெல்லாம் அந்த நூலால்தான் தைத்தார்கள். எத்தனை சலவைக்கும் சாயம் போகவில்லை.

ஒன்பதாவது வருடம் தகவல் பிரிவிலிருந்து அந்தப் பழைய குமாஸ்தா நேரிலேயே வந்தார். பிரித்தெடுத்த நூல் அரசாங்கச் சொத்து, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று மேலிடம் கேட்கிறது என்றார். தையல்காரி இயந்திரத்தை நிறுத்தவில்லை.

“மனுப் போடச் சொல்லுங்க. முப்பது நாள்ல பதில் தர்றேன்.”

மேலிடம் மனுப் போட்டது. இருபத்திரண்டாம் நாளே பதில் போனது: மூன்று பக்கம், எந்தக் கோட்டிலிருந்து எத்தனை முழம், எந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை சட்டைக்கு என்று விவரமாக. ஒரு வரிகூட மறைக்கப்படவில்லை.