வால் ஆடாத வீடு

பார்சல் ஆபீஸ் கோதண்டம் ஒரு மாத லீவு போட்டுவிட்டுப் பெண்டாட்டி ரஞ்சிதத்தோடு பழனி, குற்றாலம் என்று புறப்படுகிறார் என்ற செய்தி வந்ததும், எங்கள் தெருவில் யாரும் ரஞ்சிதத்துக்காகச் சந்தோஷப்படவில்லை. நாயை எங்கே விடப்போகிறார் என்றுதான் கேட்டார்கள். ரயில்வே பாஸ் அவருக்கும் சம்சாரத்துக்கும்தான், நாய்க்குக் கிடையாது. கிடைத்திருந்தால் சம்சாரம் வீட்டில் இருந்திருப்பாள்.

நாயின் பெயர் சார்ஜண்டு. யுத்தம் முடிந்து அரக்கோணத்திலிருந்து சோல்ஜர்கள் கிளம்பியபோது எவனோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன நாய் போட்ட குட்டி. செம்பட்டை மயிர், தொங்கும் காது. தெருவே ரேஷனில் புழுத்த அரிசி வாங்கிய காலத்தில் அது பாலும் சோறும் தின்றது. நாய்மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு நாங்கள் தாழ்ந்துவிடவில்லை. ஆனாலும் எத்தனை உருண்டை தின்கிறது என்று பார்க்காமல் இருந்ததுமில்லை.

கோதண்டத்தின் பொறாமை எங்களுடையதைப் போல அடக்கமானதல்ல. குட்டியை வேறு யாராவது தடவினால் அவர் முகம் புளியைக் கடித்ததுபோல ஆகிவிடும்.

லீவுக்கு முன்னால் அவர் குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். முதலில் சைக்கிள் கடை ஷரீப். குட்டி அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. "இங்கியே இருக்கட்டும் சார், எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றார் ஷரீப். கோதண்டம் சங்கிலியைச் சுண்டி இழுத்து, "கடையில எண்ணெய் நாத்தம் ஜாஸ்தி" என்று வந்துவிட்டார். அடுத்து ஆப்பக்கடை ஜெயம்மாள். அவளைக் கண்டதும் குட்டி உடம்பெல்லாம் வாலாகி ஆடியது. அவளும் வேண்டாமென்று கோதண்டம் திரும்பிவிட்டார்.

சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் இருக்கிற என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதற்காகவாவது கேட்டிருக்கலாம்.

கடைசியில் பூக்காரி குப்பம்மாள் வீட்டு வாசலில் குட்டியின் வால் கால்களுக்கிடையே போயிற்று. ஒரு தடவை அவள் கட்டி வைத்த கதம்பத்தை அது கடித்துப் பிய்த்து, அவளிடம் விளக்குமாற்றால் வாங்கியிருந்தது. கோதண்டத்தின் முகம் மலர்ந்தது.

"நீதான் குப்பம்மா பாத்துக்கணும்."

"நானா? இத்தக் கண்டாலே எனக்கு ஆவாது ஐயா."

"அதுக்குத்தான் சொல்றேன். பதிலுக்கு எங்க பின்கட்டுக் கிணத்துல நீ எவ்ளோ வேணா எறச்சுக்கோ."

கோடையில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்க அவள் தெருக்கோடிக் குழாய்க்கு நடந்துகொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டாள்.

"சோறு வெச்சா போதும். தடவக் கூடாது, கொஞ்சக் கூடாது. முக்கியமா அதும் பேரைச் சொல்லிக் கூப்புடாதே. அது நான் கூப்புடுற பேரு."

"நான் இன்னாத்துக்கு ஐயா கூப்புடப் போறேன்? தொரத்தத்தான் போறேன்."

அவர் நிம்மதியாக ரயிலேறினார்.

குப்பம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. என் ஜன்னலிலிருந்தும் கொல்லைச் சுவர்மேலாகவும் பார்த்தவள் சொல்கிறேன். காலையில் கிணற்றடியில் "சனியனே, தள்ளு." சோறு வைக்கும்போது "சனியனே, தின்னு." கோடை மழை பிடித்துக்கொண்டபோது "சனியனே, நனையாத உள்ள வந்து தொலை." ஒரு நாளும் தடவவில்லை. அவள் பூக்கட்டும்போது குட்டி நாரைக்கூடத் தொடாமல் எதிரில் படுத்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாதம் முடிந்து ஜட்காவிலிருந்து இறங்கிய கோதண்டத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை, அதில் அப்பிய சந்தனம். தணிகை மலையின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு முடியைப் பழனியில் கொண்டுபோய்க் கொடுத்தால் நம் சாமிக்கு வருத்தமிருக்காதா?

பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே குப்பம்மாள் வீட்டுக்குப் போனார்.

"சார்ஜண்டு! டேய், சார்ஜண்டு!"

குட்டி அந்தச் சந்தனத் தலையைப் பார்த்து உறுமிவிட்டு, குப்பம்மாளின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"இன்னா மருந்து வெச்சே குப்பம்மா?" என்றார்.

"மருந்தா? தடவாதேன்னீங்க, தடவல. பேரு சொல்லாதேன்னீங்க, சொல்லல. இப்ப வந்து மருந்துன்றீங்களே!"

"அப்போ இத்தினி நாளா எப்படிக் கூப்ட்டுகினு இருந்தே?"

குப்பம்மாள் திரும்பி, "ஏ சனியனே, போ. உன் எஜமான்தான்" என்றாள்.

குட்டி உடனே வெளியே வந்தது. அவர் காலை முகர்ந்தது. திரும்பி அவளைப் பார்த்தது. அவள் "ஆங்" என்ற பிறகுதான் வாலை ஆட்டியது. அதுவும் ஒரே ஒரு தடவை.

பின்னாலேயே வந்திருந்த ரஞ்சிதத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "குத்தால அருவியில நின்னுகினு கூட 'சார்ஜண்டு இன்னா பண்ணுதோ'ன்னாரு. பக்கத்துல நான் வழுக்கி வுழுந்தது தெரியல அவருக்கு. நல்லா ஆவட்டும்."

மறுநாளே கோதண்டம் பின்கட்டுக் கதவைப் பூட்டினார். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். குடத்தோடு வந்த குப்பம்மாள் தெருக்கோடிக்கு நடந்தாள். குட்டி கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடியது. தூக்கி வந்து கட்டினார். ஊளையிட்டது. பால் வைத்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவிழ்த்துவிட்டால் அவள் வீட்டு வாசல். அந்த வாரம் முழுக்க, சந்தனம் உதிர்ந்த மொட்டைத் தலையோடு அவர் எங்கள் தெருவில் நாயைச் சுமந்தபடியே நடந்தார்.

கடைசியில் ஒரு காலை அவரே அவள் வீட்டுக்குப் போனார். நானும் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முறத்தில் அரிசி இல்லை.

"கிணத்துல தண்ணி ஏறிடுச்சு குப்பம்மா."

"மழையே பேயலையே ஐயா?"

"ஏறிடுச்சுன்னா ஏறிடுச்சு. நீ வா."

"சாயங்காலமும் வருவேன்."

"வா."

இப்போது இரண்டு வேளையும் அவள் அங்கே தண்ணீர் இறைக்கிறாள். அவள் வருவாள் என்று குட்டி வீட்டிலேயே கிடக்கிறது. அவள் குடத்தோடு போன பிறகு கோதண்டம் முள்ளு முள்ளாய் முடி முளைத்த தலையைத் தடவிக்கொண்டு, பின்கட்டில் குந்தி, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "சனியனே, வாடா" என்று கூப்பிடுகிறார். தெருவுக்குக் கேட்காத குரலில்தான் கூப்பிடுகிறார்.

எனக்குக் கேட்கிறது.