ஒரு கேட்டுக்கு ஒரு படிவம்

கருத்துக் கேட்பில் என்னை மிஞ்ச எங்கள் அலுவலகத்தில் ஆள் கிடையாது. இதை என் மேலாளர் சொல்வார். அவர் சொல்ல மறந்த நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன். நகர வீட்டுவசதித் துறையில் எனக்குப் பதினொரு வருடம் ஆகிறது. எந்தத் திட்டம் வந்தாலும் அந்தப் பகுதிக்குப் போய், வேண்டுமா வேண்டாமா, ஏன் என்று கேட்டு எழுதி வருவது என் வேலை. இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. ஒருமுறை மாடியிலிருந்து தண்ணீரை ஊற்றினார்கள். படிவத்தை மட்டும் நனைய விடவில்லை.

இந்த முறை வந்தது பெரிய திட்டம். பழைய பஸ் பணிமனை இருந்த காலி இடத்தில், குறைந்த வாடகைக்கு விட அரசே தொண்ணூற்றாறு வீடுகள் கட்டப் போகிறது. சனிக்கிழமை காலை பள்ளிக்கூட ஹாலில் பொதுக்கூட்டம். அன்றோடு கருத்துக் கேட்பு முடிகிறது. பெரும்பாலோர் வேண்டாம் என்றால், திட்டத்துக்கு அனுமதி தரும் குழு கோப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. நான் கண்டுபிடித்த விதி. முன்பு ஒரு பூங்காவுக்காகக் கேட்கப் போனபோது ஒரே வீட்டிலிருந்து முப்பத்தெட்டு படிவங்கள் வந்தன. மருமகள், சம்பந்தி, தொட்டிலில் கிடந்த குழந்தை என்று எல்லோரும் கருத்துச் சொல்லியிருந்தார்கள். காதில் பூ சுற்றினால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கே மேலாளரிடம் போய், இனிமேல் ஒரு கேட்டுக்கு ஒரு படிவம்தான் என்று சொன்னேன். அவர் அதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பிவிட்டார். வாசல் கேட்டில் மணியை அடி, வருகிறவரிடம் கேள், எழுது, பட்டியலில் டிக் போடு. எவ்வளவு சுலபம் பாருங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முன்னூற்று நாற்பது கேட்டுகளும் முடிந்தன. பூட்டிக் கிடந்தவை போக இருநூற்றுத் தொண்ணூற்றொரு படிவங்கள். அதில் இருநூற்று முப்பத்தாறு பேர் வேண்டாம் என்றார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இவ்வளவு படிவம் யாரும் வாங்கியதில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு, அதே பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். மாமா இறந்த பிறகு அவளும் ஒன்பதாவது படிக்கும் மகளும் மட்டும்தான். பெரிய வீடு ஒன்றின் பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறினால் அவர்களுடைய ஒற்றை அறை. தையல் மிஷினின் மூடிதான் சாப்பாட்டு மேசை, மகளுக்குப் படிப்பு மேசையும் அதுதான். நான் பெருமையாக எண்ணிக்கையைச் சொன்னேன். அக்கா பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வீட்ல எத்தனை பேர்டி வேணாம்னாங்க?"

"ஒருத்தர்தான். உங்க வீட்டுக்காரம்மா."

"இந்த கேட்டுக்குள்ள அஞ்சு குடும்பம் இருக்கோம்."

பையிலிருந்து பட்டியலை எடுத்துப் புரட்டினேன். அந்த கேட்டுக்கு ஒரு டிக், பக்கத்து கேட்டுக்கு ஒரு டிக், தெரு முழுக்க அப்படியே. மணியை அடித்தால் கேட்டுக்கு வருகிறவர் வீட்டுக்காரர்தான். பின்படியில் இருப்பவர்களுக்கு அந்த மணிச் சத்தம் கேட்கக்கூடச் செய்யாது. வாடகை வீடு வேண்டுமா என்று ஒரு பகுதி முழுக்கக் கேட்டுவிட்டு, வாடகைக்கு இருக்கிற ஒருவரையும் நான் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட என் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன்.

"விடும்மா," என்றார். "நாளைக்குக் கூட்டம். இப்பப் போய் தப்புன்னு சொன்னா, சுற்றறிக்கை அனுப்பின என்னையும் சேர்த்துத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். நம்ம வேலையே கேக்குறதுதானே?"

அன்று மாலை அந்தத் தெருவின் பின்படிகளில் ஏறி இறங்கினேன். முழங்கால் கழன்றுவிடும் போல் ஆனது. கிடைத்தவை மூன்றே மூன்று படிவங்கள். படிவத்தில் கதவு எண் எழுத வேண்டும். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வீட்டுக்காரர் காதுக்குப் போனா நாங்க எங்கங்க போறது?" என்றார் ஒரு ஆட்டோ ஓட்டுநர். அக்காவும் எழுதவில்லை. "அவ பத்தாவது முடிக்கட்டும்டி. இப்ப இந்த ரூமும் போச்சுன்னா அவளுக்கு ஸ்கூலும் போச்சு, எனக்குக் கடையும் போச்சு," என்றாள். அவளை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசை முழுக்க வீட்டுக்காரர்கள். அக்காவின் வீட்டுக்காரம்மா, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், அழகாகப் பேசினார்.

"வாடகைக்கு வர்றவங்களை நான் குறை சொல்லல. ஆனா அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. இந்த இடத்து மேல அவங்களுக்கு என்ன பிடிப்பு இருக்கும்? எங்க வீட்ல குடியிருக்கிறவங்களும் இதையேதான் சொல்லுவாங்க."

கைதட்டல் ஓய்ந்ததும் குழுத் தலைவர் என்னை எண்ணிக்கையைப் படிக்கச் சொன்னார். எழுந்தேன். மேலாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எண்ணிக்கை செல்லாதுங்க," என்றேன். "வீட்டுக்காரங்களை மட்டும்தான் கேட்டிருக்கேன். கேட்டுக்கு ஒரு படிவம்னு விதி போட்டது நான்தான். தப்பு என்னோடது."

சலசலப்பு எழுந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாடகைக்கு இருக்கிறவங்க வேற மாதிரி சொல்லுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. கேட்டாத்தான் தெரியும்."

"கேக்குறதுக்கு யாராவது இருக்காங்களா இங்க?"

பின்வரிசையில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் அசையவில்லை. எனக்குப் பேச்சுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அங்கே என் பேச்சால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அக்கா எழுந்து நின்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. வேண்டாம் என்று கண்ணைக்கூடக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கதவு எண்ணைச் சொன்னாள், பின்பக்கம் மாடி என்றும் சேர்த்துச் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "என் வீட்ல உனக்கு என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. தண்ணி வருது, வெளிச்சம் வருது, நீங்களும் நல்லவங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் முடியிற மாசத்துல பொட்டியைக் கட்டி வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். இன்னைக்கு இருந்து நாளைக்குப் போறதுக்கு எங்களுக்கு ஆசையா? போகச் சொல்றாங்க, போறோம். அந்த வீட்டைக் கட்டுங்க. எனக்குக் கிடைக்காட்டியும் பரவாயில்ல, கட்டுங்க."

வீட்டுக்காரம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்வரிசையில் அந்த ஆட்டோ ஓட்டுநர் எழுந்தார். அவரும் கதவு எண்ணைச் சொன்னார். அப்புறம் இன்னொரு பெண். தலைவர் எழுதிக்கொள்ளப் பேனா தேடினார்.

கருத்துக் கேட்பைப் பதினைந்து நாள் நீட்டித்தார்கள். என் விதியை ரத்து செய்தார்கள். இனி அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம். மேலாளர் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை பேசிவிடுவார், என்னை விட்டால் அவருக்கு வேறு ஆள் ஏது?

வெளியே மரத்தடி பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காலி பண்ணச் சொன்னா என்னக்கா செய்வே?"

"உன் வீட்டுக்கு வந்துடுவேன். சரி, படிவத்தை எடு. முதல்ல என்னைக் கேளு."

வேலை என்று வந்துவிட்டால் எனக்குத் தெம்பு வந்துவிடும். புதுப் படிவம் ஒன்றை மடியில் வைத்து, முறைப்படி முதல் கேள்வியைக் கேட்டேன். இந்தப் பகுதியில் எத்தனை வருடம், எத்தனை வீடுகள்?

"எட்டு வருஷம். அஞ்சு வீடு."

"மூணுதானே? மூணு தடவையும் நான் வந்து சாமான் தூக்கினேனே."

"அஞ்சுடி. ரெண்டு தடவை உன்கிட்ட சொல்லல. நீ யார் வீட்லயோ கருத்துக் கேட்டுக்கிட்டு இருந்தே."

நான் ஐந்து என்று எழுதினேன்.